பழைய காருக்குப் புது இன்ஜினா? முதலில் ஒயரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்களே ஆன வாசகர்கள்கூட, ஒரு முறையாவது கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருப்பீர்கள். மதர்போர்டின் ஓரத்தில் நான்கைந்து மெல்லிய ஒயர்கள் வந்து சொருகி நிற்கும். பவர் ஸ்விட்ச், ரீசெட், ஹார்ட் டிஸ்க் லைட், சில மாடல்களில் ஒரு சின்ன ஸ்பீக்கர். பழைய கேபினட்டில் புதிய மதர்போர்டை மாற்றியவர்களுக்குத் தெரியும், அதிக விலை கொடுத்து வாங்கிய பிராசசர் எந்தத் தொல்லையும் தராது. இந்த ஒயர்கள்தான் அரை நாளைத் தின்றுவிடும்.

இந்த மாதம் நான் எழுதப் போவது கார் பற்றி. கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நினைத்திட வேண்டாம். 1979-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் பெட்ரோல் தெளிப்பதையும் ஸ்பார்க் கொடுப்பதையும் ஒரே கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் மோட்ரானிக் என்ற முறையைக் கொண்டு வந்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு, புதிய பெட்ரோல் கார் என்றாலே உள்ளே ஒரு கம்ப்யூட்டர் என்றாகிவிட்டது. வீட்டில் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கியதாக நினைக்கும் பலர், அதற்கு முன்பே காரோடு சேர்த்து ஒன்றை வாங்கி இருப்பார்கள். அதற்கு மானிட்டரும் கீபோர்டும் இல்லை, அவ்வளவுதான்.

பழைய காரில் புதிய இன்ஜினை மாற்ற நினைப்பவர்கள் மெக்கானிக்கிடம் இன்ஜின் பற்றிக் கேட்பதை விட, இந்தக் கம்ப்யூட்டரையும் அதன் ஒயர்களையும் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பாக ஒரு சின்ன லைட்டைப் பற்றி. நான் கேட்கவில்லை. அதனால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

அதே வண்டி, அதே சி.சி.

என் அப்பா 1996-ல் வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கார்பரேட்டர் மாடல். அப்பா போன பிறகும் அம்மா அதை விற்க விடவில்லை. 2016-ல் அதன் இன்ஜின் ஆயிலைக் குடித்துப் புகையாகக் கக்க ஆரம்பித்தது. மதுரையில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறையில் காட்டினேன். போர் அடித்து பிஸ்டன் மாற்றுவதை விட, பின்னால் வந்த எம்.பி.எப்.ஐ. இன்ஜினைப் போட்டுவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

"அதே 800 சார். அதே 796 சி.சி. இறக்கி ஏத்திரலாம். மைலேஜும் கூடும்."

"ஒயரிங் எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நம்ம எலக்ட்ரீசியன் பையன் பாத்துக்குவான்."

நானும் தலையாட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் பற்றி மாதாமாதம் எழுதுகிறவன் அந்த இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

கார்பரேட்டர் இன்ஜினுக்கு ஒயரிங் என்பது மிகக் கொஞ்சம். இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, ஸ்டார்ட்டருக்கு, ஆல்டர்னேட்டருக்கு, ஆயில் லைட்டுக்கு, ஹீட் மீட்டருக்கு. மற்றதெல்லாம் கேபிளும் ஸ்பிரிங்கும்தான். எம்.பி.எப்.ஐ. இன்ஜின் அப்படி அல்ல. கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று படம் போட்டுக் காட்டுவார்களே, அது அப்படியே இங்கு உண்டு. இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தம், காற்றின் சூடு, தண்ணீரின் சூடு, ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார். இவை இன்புட். இன்ஜெக்டர், இக்னிஷன், பெட்ரோல் பம்ப், ஐடில் வால்வு ஆகியவை அவுட்புட். நடுவில் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், ஒயர் வழியாக வரும் வோல்ட்டை மட்டுமே நம்பி முடிவெடுக்கிறது. இன்ஜினை அது பார்த்ததே இல்லை. தவறான வோல்ட் வந்தால் தவறான முடிவு. தவறான டேட்டாவை டைப் செய்துவிட்டு எக்செல்லைத் திட்டுவோமே, அது மாதிரி.

சாவியை விட்டால்தான் ஸ்டார்ட்

பத்து நாளில் வண்டி தயாரானது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அலுத்துப் போய்ச் சாவியை விட்டவுடன் ஒரு துள்ளு துள்ளிப் பிடித்தது. ஒவ்வொரு முறையும் இப்படியே. "புது இன்ஜின் சார், ஓட ஓடச் சரியாயிரும்" என்றார்கள்.

ஓடினால் சரியாகிற விஷயம் அல்ல இது. காரில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு வினாடி ரேடியோ நின்றுவிடும். பேட்டரியின் பலம் முழுவதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று, சாவி ஸ்விட்சே சில லைன்களைத் துண்டித்துவிடும். எலக்ட்ரீசியன் தம்பி கையருகே இருந்த பியூஸிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கரன்ட் எடுத்துவிட்டார். அது அப்படித் துண்டிக்கப்படும் லைன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கம்ப்யூட்டர் தூங்கியது. சாவியை விட்டதும் விழித்து, மிச்சமிருந்த சுழற்சியில் ஸ்பார்க் கொடுத்தது. ஸ்டார்ட் நிலையிலும் 12 வோல்ட் நிற்கும் இக்னிஷன் லைனில் மாற்றியதும் அரை வினாடியில் பிடித்தது.

அதே இடத்தில் இன்னொரு குளறுபடியும் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவாக இரண்டு வகையான 12 வோல்ட் வேண்டும். ஒன்று சாவி போட்டால் வருவது. மற்றொன்று சாவி எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து நேராக வருவது. உங்கள் மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்றுகிறதல்லவா? அந்த வேலையை இந்த இரண்டாவது ஒயர் செய்கிறது. இன்ஜின் கற்றுக்கொண்டதும், கண்டுபிடித்த கோளாறுகளும் அந்த மெமரியில்தான் இருக்கும். என் வண்டியில் இரண்டையும் ஒரே லைனில் முறுக்கி டேப் சுற்றி இருந்தார்கள். சாவி எடுத்தால் எல்லாம் மறந்துவிடும்.

"பல்புதானே சார்"

அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்காக ஒரு நாள் காலை கிளம்பினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வண்டி ஐந்து முறை நின்றது. ஐந்தும் சிக்னலில். ஓடும்போது நன்றாக ஓடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக் பிடித்து, வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் இன்ஜின் அணைந்துவிடுகிறது. பின்னால் பஸ் ஹாரன். "ஏன்டா, அப்பா ஓட்டுனப்ப இப்படி நின்னதே இல்லையே" என்றார் அம்மா. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எம்.பி.எப்.ஐ. வண்டியின் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் லைட் இருக்கும். செக் இன்ஜின் லைட் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஏதாவது சென்சார் மீது சந்தேகம் வந்தால் அதை ஏற்றும். என் பழைய மீட்டரில் அது கிடையாது. ஏன் வைக்கவில்லை என்று பட்டறையில் கேட்டதற்கு, "பல்புதானே சார், அது இருந்தாத் தொந்தரவு, எப்பப் பாத்தாலும் எரியும். அந்த ஒயரைக் கட் பண்ணிட்டோம்" என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ராம் சரியாக உட்காரவில்லை என்றால் ஸ்பீக்கர் பீப் பீப் என்று கத்தும். எத்தனை பீப் என்று எண்ணி என்ன கோளாறு என்று கண்டுபிடிப்போம். சத்தம் தொந்தரவு என்று ஸ்பீக்கர் ஒயரை வெட்டினால் ராம் சரியாகிவிடுமா? அந்தக் காலச் சுசுகி எம்.பி.எப்.ஐ. இன்ஜின்கள் பலவற்றில் இந்த லைட்டுக்கு அதே பீப் வேலையும் உண்டு. டயக்னாசிஸ் கனெக்டரில் குறிப்பிட்ட ஒரு முனையை எர்த் செய்து சாவியைப் போட்டால் லைட் மினுக்கும். ஒரு மினுக்கு, சிறிது இடைவெளி, இரண்டு மினுக்கு என்றால் 12. கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். 14 என்றால் தண்ணீர் சூட்டு சென்சார். 24 என்றால் வேக சென்சார். ஸ்கேனர் வேண்டாம், லேப்டாப் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். அந்த ஒரு பல்பைத்தான் வெட்டி இருந்தார்கள்.

வெட்டிய ஒயரைத் தேடிப் பிடித்து, ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இணைத்தேன். ஓட்டிவிட்டு வந்து எண்ணினால் 12 வந்தது. எல்லாம் நலமாம்! அப்புறம்தான் அந்த மெமரி ஒயர் நினைவுக்கு வந்தது. சாவி எடுத்ததும் மறந்துவிடும் கம்ப்யூட்டரிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் வேறு என்ன சொல்லும்? அதைப் பேட்டரியோடு நேராக இணைத்துவிட்டு (நடுவில் ஒரு பியூஸ் வைத்துத்தான்) மறுபடி ஓட்டினேன். இரண்டு மினுக்கு, இடைவெளி, நான்கு மினுக்கு. வேக சென்சார்.

பழைய கியர்பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றி இருந்தார்கள். அதிலிருந்து மீட்டருக்குப் போவது முறுக்குக் கேபிள், ஒயர் அல்ல. இந்த சென்சார் சில வண்டிகளில் கியர்பாக்ஸில் இருக்கும், சிலவற்றில் ஸ்பீடோமீட்டருக்கு உள்ளேயே இருக்கும். எப்படி இருந்தாலும் இன்ஜினோடு வருவதில்லை. இன்ஜினை மட்டும் விலைக்கு வாங்கினால் விட்டுப் போகிற முதல் சென்சார் இதுதான் என்பேன். வண்டி மெதுவாகி நிற்கப் போகிறது என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் ஐடில் காற்றைக் கொஞ்சம் கூட்டி இன்ஜினைப் பிடித்துக்கொள்ளும். தெரியாவிட்டால் எல்லா வண்டியும் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். என் வண்டி நின்றது. ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு நடுவே பொருத்தும் பல்ஸ் சென்சார் ஒன்றை வாங்கிப் போட்டதும் சிக்னல் பயம் போய்விட்டது. கேபிளின் ஒரு சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்பது கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும், அதைப் பார்த்து வாங்கிடவும்.

லைட் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் நம்ப வேண்டாம். கரும்புகையும் மோசமான மைலேஜும் மிச்சமிருந்தன. கோட் எதுவும் இல்லை. காரணம், ஹீட் மீட்டருக்கான ஒற்றை ஒயரையும் கம்ப்யூட்டருக்கான சூட்டு சென்சாரிலேயே சேர்த்துவிட்டிருந்தார்கள். இந்த சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. பொதுவாக 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். கம்ப்யூட்டர் 5 வோல்ட்டை அனுப்பி, திரும்ப எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும். வோல்ட் அதிகம் என்றால் இன்ஜின் குளிர்ச்சி, பெட்ரோலைக் கூட்டு. மீட்டர் பக்கமிருந்து கசிந்த கரன்ட் அந்த வோல்ட்டை உயர்த்திவிட, மதுரை மே மாதத்தில் என் கார் ஊட்டியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அளவு நம்பக்கூடியதாகவே இருந்ததால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே வரவில்லை. மீட்டருக்குத் தனியாக ஒரு சென்சார் வைத்ததும் புகை நின்றது. இந்த சென்சார்களின் எர்த் ஒயரையும் கண்ட இடத்தில் பாடியில் கொடுக்கக் கூடாது. 5 வோல்ட்டை அளக்கும் இடத்தில் கால் வோல்ட் பிசகினாலும் கணக்கு மாறிவிடும்.

இது பணம் பற்றியது அல்ல

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சலும் செலவும்தான். கடைசியாகக் கண்டுபிடித்தது வேறு வகை.

கார்பரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்ப் மிகக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும். எம்.பி.எப்.ஐ. இன்ஜெக்டருக்கு 3 பார் அளவில் வேண்டும், ஏறக்குறைய பத்து மடங்கு. அதற்கு மின்சார பம்ப் வைத்தார்கள், சரி. ஆனால் பழைய ரப்பர் ஹோஸையே மறுபடி போட்டு, சாதாரண கிளிப்பால் இறுக்கி இருந்தார்கள். ஒரு நாள் பானெட்டைத் திறந்தபோது பெட்ரோல் வாடை. தடவிப் பார்த்தால் ஹோஸ் ஈரம்.

பம்பின் ஒயர் அதை விட மோசம். ஒழுங்காக இணைத்த வண்டியில் பம்ப் ரிலே கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் இருக்கும். சாவி போட்டதும் இரண்டு மூன்று வினாடி பம்ப் ஓடும். இன்ஜின் சுற்றுவதாக சென்சார் சொன்னால் மட்டும் தொடர்ந்து ஓடும், இல்லாவிட்டால் நின்றுவிடும். என் வண்டியில் பம்பைச் சாவி லைனில் நேராகக் கொடுத்திருந்தார்கள். எங்காவது மோதி இன்ஜின் நின்று, ஹோஸ் அறுந்திருந்தால், சாவி அணைக்கும் வரை பம்ப் பெட்ரோலைச் சூடான இன்ஜின் மீது ஊற்றிக்கொண்டே இருந்திருக்கும். அம்மாவை அந்த வண்டியில்தான் ஒரு மாதமாக அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பட்டறைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நட்டு போல்ட் வேலை அருமையாகச் செய்திருந்தார்கள், இன்றுவரை ஒரு சொட்டு ஆயில் கசிவு இல்லை. ஒயரிங் என்பது கடைசியில் பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை என்ற எண்ணம்தான் தவறு. அந்த எண்ணம் எனக்கும் இருந்தது.

என்ன கேட்க வேண்டும்?

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பொருள் சந்தைகளில் இன்ஜின் வாங்கப் போனால், இன்ஜின் மட்டும் என்ன விலை என்று கேட்காதீர்கள். அந்த இன்ஜின் ஓடிய அதே வண்டியின் கம்ப்யூட்டர், அறுக்காத முழு ஒயரிங் செட், ரிலே, பியூஸ் பெட்டி, ஆக்சிஜன் சென்சார், பம்ப், மீட்டர் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். விலை கூடும். கனெக்டரை வெட்டிய ஒயரிங் என்றால், ஒரே நிறத்தில் நான்கு ஒயர் தொங்கும் ஒரு கொத்துதான் உங்கள் கைக்கு வரும். அதற்கு ரிப்பேர் மேனுவலின் ஒயரிங் படம் இல்லாமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கழற்றும்போதே ஒவ்வொரு கனெக்டரையும் மொபைலில் போட்டோ எடுத்து, பெயர் எழுதி டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

சட்டம் வேறு இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே இன்ஜினை இறக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் எண் ஒன்று, வண்டியில் இருக்கும் எண் வேறு என்றால் விபத்து நடக்கும் நாளில் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

இன்னும் புதிய இன்ஜின்களைக் கேட்டும் சிலர் கடிதம் எழுதுகிறார்கள். என் பதில், வேண்டாம் என்பதுதான். சிப் வைத்த சாவி இல்லாமல் கம்ப்யூட்டர் இன்ஜினைத் தொடவே விடாது. சாவியையும் அதன் ரிசீவரையும் சேர்த்து வாங்க வேண்டும். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் இருக்காது, பெடலிலேயே சென்சார். அதற்கு மேல், பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் என்ற நெட்வொர்க். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை லேன் ஒயரால் இணைப்பது போல, இன்ஜின், பிரேக், மீட்டர் எல்லாவற்றின் கம்ப்யூட்டர்களும் முறுக்கிய இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும். நீங்கள் இன்ஜினை மட்டும் கொண்டு வந்தால், பிரேக் கம்ப்யூட்டர் எங்கே, மீட்டர் எங்கே என்று அது கேட்டுக்கொண்டே நிற்கும். ஆர்டுயினோ போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ, 2001-ல் தொடங்கிய மெகாஸ்குவர்ட் போன்றவை கிடைக்கின்றன, லேப்டாப்பை இணைத்து நாமே டியூன் செய்திடலாம் என்பார்கள். உண்மைதான், அருமையான விஷயம்தான். ஆனால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யக் கற்றுக்கொண்ட அடுத்த வாரமே விண்டோஸை நாமே எழுதக் கிளம்புவது போல அது. ஓட்டும் வண்டியில் முதல் முயற்சி வேண்டாம்.

என் வண்டியில் எல்லாவற்றையும் சரி செய்ய, இன்ஜின் மாற்றிய செலவில் பாதி மறுபடி ஆனது. ஹோஸ், கிளிப், ரிலே எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு உரியவையாக மாற்றினேன். எம்.பி.எப்.ஐ.க்குச் சோக் தேவையில்லை என்பதால் டேஷ்போர்டில் அந்தக் குமிழ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை இருந்தது. அந்த மஞ்சள் பல்பை அதில் பொருத்தினேன். சாவி போட்டால் எரிகிறது, இன்ஜின் பிடித்ததும் அணைகிறது. அப்பா காலையில் சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யும் இடம் அது. அம்மா இப்போது முன் சீட்டில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

"அணைஞ்சிருச்சுடா, எடு."